அப்பாவுக்கு ஒரு குறுக்கெழுத்து: மூலைவிட்டத்தில் ஒளித்த ஆறு எழுத்து

அப்பா ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். குறுக்கெழுத்து இருக்கும் தாளை மட்டும் நாலாக மடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். காலையில் பாதி முடியும். மீதி மாலை டிவி முன்னால். விளம்பர இடைவேளை வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நாலெழுத்து, மூணாவது ப், என்னடா?" என்று கேட்பார். பள்ளியில் எழுத்து கற்றுக்கொண்டேன். ஆனால் எழுத்தை எண்ணக் கற்றுக்கொண்டது அந்தக் கட்டங்களில்தான். பப்பு என்பது மூன்று எழுத்து, புள்ளி வைத்த எழுத்துக்கும் தனி வீடு உண்டு என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. லிசா என்ற சிறுமி குறுக்கெழுத்துப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போகிறாள். அவள் தோற்பாள் என்று அவளுடைய அப்பா ஹோமரே பந்தயம் கட்டிவிடுகிறார். விஷயம் தெரிந்து மகள் உடைந்து போகிறாள். மன்னிப்புக் கேட்க ஹோமர் பிடித்த வழி, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துக்குள் செய்தியை ஒளித்து வைப்பது. கதை இதோடு நின்றிருந்தால் சாதாரணம். அந்தப் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அதே நாள் காலையில் வந்த நிஜமான நியூயார்க் டைம்ஸில் அதே புதிர் அச்சாகியிருந்தது. அதைக் கட்டியவர் மெர்ல் ரீகிள், தேர்ந்தெடுத்து வெளியிட்டவர் அந்த நாளிதழின் குறுக்கெழுத்து ஆசிரியர் வில் ஷார்ட்ஸ். இருவரும் அந்தப் பகுதியில் தங்கள் சொந்தக் குரலிலேயே வந்தார்கள்.

காலையில் புதிரைப் போட்டு முடித்தவர்களில் எத்தனையோ பேர் அதில் வேறு எதுவும் இருப்பதாக நினைக்கவே இல்லை. இரவு டிவி பார்த்தபோதுதான் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சாய்வாகப் படித்தால் 'டம்ப் டாட் சாரி ஃபார் ஹிஸ் பெட்' என்று வருவது தெரிந்தது. பந்தயம் கட்டியதற்கு மக்கு அப்பா வருந்துகிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் எண்ணினால் சரியாக 21 எழுத்து. அந்த நாளிதழின் ஞாயிறு புதிரும் 21க்கு 21 கட்டம். இதைத் தவிர, குறிப்புகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஹோமர் மகளுக்கு எழுதிய ஒரு முழுக் கடிதமே வரும்.

அங்கே அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்டார். இங்கே மகன் அப்பாவுக்கு நன்றி சொல்லட்டும் என்று தொடங்கினேன். கருப்பொருள், எங்கள் வீட்டில் குறுக்கெழுத்தோடு எப்போதும் கூடவே இருந்த டிவி.

முதலில் எழுத்து விஷயம். ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக் கட்டுகிறார்கள். நமக்கு 247. ஒரு கட்டத்தில் இரண்டு சொற்கள் சந்திக்க வேண்டுமானால் க-வும் க-வும் சந்திக்க வேண்டும். கா வந்தால் ஆகாது, கி வந்தால் ஆகாது. அமெரிக்கப் புதிர்களில் ஒவ்வோர் எழுத்தும் குறுக்கேயும் நெடுக்கேயும் இரண்டு சொல்லில் இருந்தாக வேண்டும், மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது, கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும். தமிழில் அப்படிக் கட்ட முயன்றால் ஒரு மூலையைக்கூடத் தாண்ட முடியாது. நம் பத்திரிகைப் புதிர்கள் கறுப்புக் கட்டத்தைத் தாராளமாகப் போடுவதும், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் சொற்களை ஓட விடுவதும் அதனால்தான் என்று கட்டிப் பார்த்த பிறகு புரிந்தது. நான் இரண்டு திசையோடு நிறுத்திக்கொண்டேன்.

செய்தியை 'நன்றி அப்பா' என்று முடிவு செய்தேன். ந, ன், றி, அ, ப், பா. ஆறு எழுத்து. ஒற்றைப்படை வரிசைகளில் மட்டும் சொற்களை வைக்கும் கட்டமானால், மூலைவிட்டத்தில் ஒன்று விட்டு ஒன்றுதான் எழுத்து விழும். ஆறு எழுத்துக்கு 11க்கு 11 கட்டம் வேண்டும். தாளில் போட்டேன். நான்காவது எழுத்தான அ வந்து விழுந்த இடம் ஏழாம் வரிசை, ஏழாம் கட்டம். அங்கே மாட்டிக்கொண்டேன். உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். அதற்கு இடது பக்கமும் மேல் பக்கமும் கறுப்பாக்க வேண்டும். கட்டத்தின் நட்டநடுவில் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. கடைசி மூலையில் பா. பா என்று முடியும் சொல் இரண்டு வேண்டும். ஐரோப்பாவைத் தவிர எதுவும் உடனே சிக்கவில்லை.

இரண்டு மாலை இதிலேயே போனது. அப்புறம் தோன்றியது, சொற்களை இடம் மாற்றினால் என்ன? 'அப்பா நன்றி'. அதே ஆறு எழுத்துதான். ஆனால் இப்போது அ மேல் இடது மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே இடதும் இல்லை, மேலும் இல்லை. எந்தச் சுவரும் எழுப்ப வேண்டாம். கடைசி மூலையில் றி. வெற்றி, அறிகுறி, கேள்விக்குறி என்று றி-யில் முடியும் சொற்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

அடுத்தது, சொற்பட்டியல். டிவி சம்பந்தமாக நினைவுக்கு வந்த சொற்களையெல்லாம் எக்செல்லில் போட்டு, எத்தனை எழுத்து என்று பார்க்கச் சொன்னால் 'தொகுப்பாளர்' 11 என்றது. கையால் எண்ணினால் ஆறு: தொ, கு, ப், பா, ள, ர். கணினி துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாகச் சேமிக்கிறது, அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. ஒரு சின்ன பைதான் நிரல் எழுதினேன். அதன் வேலை ஒன்றே ஒன்று: அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு, இல்லையென்றால் புது எழுத்து என்று எண்ணு. தமிழ்க் குறுக்கெழுத்து கட்ட நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்றாவது எழுத்து ப்' என்று கேட்டால் உடனே பட்டியல் வரும். அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் 'தொகுப்பாளர்' வந்தது. மூன்றாம் வரிசை முதல் கட்டத்தில் அதைத் தொடங்கினால் ப் சரியாக மூலைவிட்டத்தில் விழுகிறது. முதல் வரிசைக்கு 'அலைவரிசை'. அதன் மூன்றாவது எழுத்து வ. அதற்குக் கீழே இரண்டு கட்டம் தள்ளி ப். வ, ஏதோ ஒன்று, ப், அப்புறம் பு. 'வரப்பு' பொருந்தியது. தொகுப்பாளரின் தொ-விலிருந்து கீழே இறங்க என்ன சொல் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை: 'தொடரும்'. ஒவ்வொரு நாடகமும் நம்மை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகும் சொல். மூலையில் நான்கு சொற்களும் கைகோத்து நின்றதைப் பார்த்தபோது உண்மையிலேயே கை தட்டினேன்.

மூன்றாவது எழுத்து பா. ஐந்தாம் வரிசையில் 'பாத்திரம்', அங்கிருந்தே கீழே 'பாடல்'. பாத்திரத்தின் தி-க்கு மேலே 'செய்தி' வைக்க மிகவும் ஆசைப்பட்டேன். டிவி புதிரில் செய்தி இல்லாமலா? ஆனால் செ போய் நிற்கும் இடம் தொகுப்பாளரின் கடைசி ர்-ஐ ஒட்டிய கட்டம். 'தொகுப்பாளர்செ' என்று படிக்க வேண்டிவரும். செய்தியை எடுத்துவிட்டு 'விதி' வைத்தேன். பாத்திரத்தின் கடைசி ம்-இல் முடியும்படி மேலிருந்து 'கடிகாரம்' இறங்கியது. அதன் க-வில் 'நாடகம்', கா-வில் 'காட்சி', காட்சியின் சி-யிலிருந்து 'சிரிப்பு'. இந்தப் பக்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இடது கீழ்ப் பக்கமும் அப்படியே: பாடலின் ல்-இல் முடியும் 'நிழல்', அதன் நி-யிலிருந்து ஐந்து கட்டம் இறங்கும் 'நிகழ்ச்சி', அதன் ழ்-ஐப் பிடித்துக்கொண்டு 'வாழ்வு', அடியில் 'சின்னம்'.

அதிக நேரம் எடுத்தது ந-வும் ன்-உம். ந சொல்லின் தொடக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். ன் தொடக்கத்தில் வரவே வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டம் மட்டும். நான்கு சொற்கள் ஒரு சதுரமாக நிற்க வேண்டும். நான்கு மூலையிலும் இரண்டிரண்டு சொற்கள் சந்திக்க வேண்டும். 'நடிகர்' மேலே. அதன் க-விலிருந்து இறங்கி ன்-இல் முடிய வேண்டும், மூன்றே எழுத்து. கடைசியில் 'கவின்' அமைந்தது. ந-விலிருந்து இறங்குவதற்கு 'நடனம்' வைத்தேன். மூன்றாவது எழுத்து ன. கீழ் வரிசையில் ன-வும் ன்-உம் உள்ள நாலெழுத்துச் சொல் கிடைக்கவில்லை. 'நடிப்பு' வைத்தேன். கீழே 'அப்பன்' வந்தது. சிரிப்பு வந்தாலும், ஒளித்து வைத்த சொல்லை வெளியே காட்டிக்கொடுத்துவிடும். 'நரம்பு' வைத்தேன். மூன்றாவது எழுத்து ம். கீழே, ஏதோ ஒன்று, ம், ஏதோ ஒன்று, ன்... 'கம்பன்'! நான்கு மூலையும் பூட்டிக்கொண்டன. ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கையை எழுப்பிக் காட்டினேன்.

கடைசி மூலையில் 'வெற்றி'யும் 'அறிகுறி'யும் றி-யில் சந்தித்தன. மொத்தம் 21 சொற்கள். 121 கட்டங்களில் எழுத்து விழுந்தவை 64, கறுப்பு 57.

குறை ஒன்று உண்டு, மறைக்கவில்லை. கட்டம் முழுவதும் ஒரே தொகுப்பாக இணையவில்லை. நான்கு தீவுகளாகக் கிடக்கிறது. அமெரிக்க விதிப்படி இந்தப் புதிர் தேறாது. வெற்றியும் அறிகுறியும் மட்டும் இருக்கும் தீவில் ஒருவர் திணறினால் வேறு எந்தச் சொல்லும் கை கொடுக்காது. அதனால் அங்கே குறிப்பை எளிதாக வைத்தேன்.

குறிப்பு எழுதுவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. அப்பாவுக்கு இரட்டைப் பொருள் குறிப்புகள் என்றால் உயிர். பாத்திரத்துக்கு 'கழுவி வைப்பதும் இதைத்தான், நடித்துக் காட்டுவதும் இதைத்தான்'. விதிக்கு 'சட்டத்திலும் உண்டு, தலையிலும் உண்டு'. நரம்புக்கு 'உடம்பிலும் ஓடும், வீணையிலும் ஓடும்'. தொடரும் என்பதற்கு 'மிச்சத்தை நாளைக்குத் தள்ளும் ஒற்றைச் சொல்'. கம்பனுக்கு 'இவர் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்'.

சோதித்துப் பார்க்கத் தங்கையிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில், "அண்ணா, வகுப்பு சரியா வருது, ஆனா நீ வேற ஏதோ நினைச்சிருக்க" என்றாள். வரப்புக்கு நான் எழுதியிருந்த குறிப்பு 'பிரித்து வைப்பது'. வகுத்தல் என்றால் பிரித்தல்தானே. வ, ப், பு மூன்றும் பொருந்துகின்றன. நடுவிலுள்ள ர-வை வேறு எந்தச் சொல்லும் தொடவில்லை. அவள் சொன்னது முழுக்க நியாயம். குறுக்கே சொல் ஓடாத எழுத்தைக் குறிப்புதான் காப்பாற்ற வேண்டும். 'இது உயர நீர் உயரும் என்றார் ஔவை' என்று மாற்றினேன். இனி வகுப்பு உள்ளே வர முடியாது. அதே கண்ணோடு மற்ற இருபதையும் திரும்பப் பார்த்ததில் இன்னும் மூன்று குறிப்புகள் மாறின.

ரீகிள் செய்தது போல் குறிப்புகளின் முதல் எழுத்துகளிலும் கடிதம் எழுதப் பார்த்தேன். தமிழில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. புள்ளி வைத்த எழுத்தில் எந்த வாக்கியமும் தொடங்காது. ன, ண, ள, ழ, ற எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியர் விதிப்படி ட-வும் வரக்கூடாது. டிவி என்ற சொல்லே அந்த விதியை மீறித்தான் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இந்த எழுத்துகளை விலக்கிவிட்டு 21 எழுத்தில் அப்பாவிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்தது டிவி. காலையில் தாளில், மாலையில் திரையில் என்பதுதானே அந்த சிம்ப்சன்ஸ் புதிரின் அழகு. எங்கள் வீட்டு டிவியில் பென் டிரைவ் செருகினால் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அது போதும். விடை நிரப்பிய கட்டத்தை 1920க்கு 1080 அளவில் படமாக்கினேன். முதல் படத்தில் கட்டம் மட்டும். இரண்டாவதில் அ மஞ்சளாகும். மூன்றாவதில் ப்-உம் சேரும். இப்படி மொத்தம் ஏழு படங்கள். எழுத்தாக வைக்காமல் படமாகவே வைத்ததற்குக் காரணம் உண்டு. எழுத்துக் கோப்பாகச் செருகிப் பார்த்தபோது தொ-வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது.

யாரும் இல்லாத நேரம் ஓட்டிப் பார்த்தேன். முதல் எழுத்தான அ-வைக் காணோம். சில டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். மூலையில் இருப்பது நல்லது என்று இடம் மாற்றி வைத்த அதே அ, மூலையில் இருந்ததாலேயே வெட்டுப்பட்டது. கட்டத்தைச் சுருக்கி நாலாப் பக்கமும் இடம் விட்டு மறுபடி ஏழு படங்களையும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் வந்ததும் அதில் இருந்த குறுக்கெழுத்தின் மேல் என் தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டி, பழையபடி மடித்து வைத்தேன். அப்பா கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். காகிதத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்தார். பாத்திரத்துக்கு உடனே சிரித்தார். கவினுக்கு மட்டும் மாலை வரை யோசித்தார்.

ஏழரை மணிக்கு விளம்பர இடைவேளை. வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்தார். நான் ரிமோட்டை வாங்கி, பென் டிரைவுக்கு மாற்றினேன். கட்டம் வந்தது. அ மஞ்சளானது. ப். பா. அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, மடியில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். மீதி மூன்று எழுத்தைத் திரையில் பார்க்கவே இல்லை. தன் பென்சில் எழுத்தில்தான் படித்தார். ந-வின் மேல் விரலை வைத்தார், ன்-இல், றி-யில். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

நாடகம் மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் சத்தத்தைக் கூட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நன்றியெல்லாம் எதுக்குடா எனக்கு? அந்த ந-வை எடுத்துட்டு வேற எழுத்துப் போட்டா, நடிகர் தனித் தீவா நிக்க வேண்டியதில்லையே" என்றார். பென்சிலைத் திருப்பிப் பிடித்து, தாளின் ஓரத்தில் 11க்கு 11 கோடு போடத் தொடங்கினார். நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.